மூடி கொடுத்த பல்கலைக்கழகம்

தெருவில் எல்லோரும் அவளை மோப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டிய கணவனே கோபம் வந்தால் "ஏய் மோப்பம்" என்பான். அந்தப் பெயரை வைத்தவர் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் கூடம் அது. மூட்டையை அவிழ்த்ததும் எது எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது அவள் வேலை. ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சோடா போட்ட வெந்நீர். வாந்தி பட்டதென்றால் முதலில் தனியாக ஓர் அலசல். காய்ந்து வந்த பிறகு மடிக்கும் மேசையிலும் அவள்தான் நிற்க வேண்டும். ஒவ்வொரு விரிப்பையும் ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோவாள். துளி ஈர வாடை இருந்தாலும் "இது மறுபடி போகட்டும்" என்று ஒதுக்கிவிடுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் மூட்டையைக்கூட அவள் முகம் சுளிக்காமல் பிரிப்பாள். "மனுஷ உடம்புலேருந்து வந்ததுதானே, தண்ணி பட்டா போயிடும்" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு அருவருப்பு என்றால் என்னவென்று காட்டியது, அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்.

அந்தத் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தண்ணீர் வரும். காலை ஐந்தரை மணிக்கு வால்வுக்காரர் திருகிவிட்டால், குழாய் முதலில் ஒரு பெருமூச்சு விடும். பிறகு இருமும். பிறகு பழுப்பாகக் கொஞ்சம் துப்பிவிட்டு, பார்வைக்குத் தெளிவாக வர ஆரம்பிக்கும். ஆனால் வாடை மட்டும் போகாது. அது அழுகிய முட்டை வாடையா, சாக்கடை வாடையா என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, மோப்பக்காவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஒருநாள் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து அவிழ்த்தபோது துணியில் ஒரு முடிக்கற்றையும், நைந்த காகிதமும், இன்னது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறொன்றும் இருந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் அவள் மகள் இருபத்திரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்திருந்தாள். "தண்ணியக் காய்ச்சிக் குடிங்கம்மா" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காய்ச்சித்தான் குடித்தார்கள். ஆனால் பல் விளக்குவதற்கும் தட்டு கழுவுவதற்கும் யார் காய்ச்சுவார்கள்?

அந்தத் துணியைச் சுருட்டி எறிந்த அன்று காலை, அவள் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழாயாக முகர்ந்துகொண்டே வந்தாள். முதல் ஏழு வீட்டிலும் வாடை இல்லை. எட்டாவது வீட்டில் குடலைப் பிடுங்கியது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தது பொதுக்கழிப்பிடம். அவள் வீடு பதினொன்று.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகம் வந்தது.

தெருமுனையில் பதாகை கட்டினார்கள். "கைகோர்ப்போம்: மக்களோடு பல்கலைக்கழகம்" என்று எழுதியிருந்தது. கீழே தண்ணீர் வாரியத்தின் சின்னம், அதற்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் சின்னம். பேராசிரியர் ஒருவர் ஆறேழு மாணவிகளோடு இறங்கினார். சிரித்த முகம், மென்மையான குரல், எல்லோருக்கும் கைகொடுத்தார். ஒவ்வொரு கைகொடுப்புக்குப் பிறகும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். மோப்பக்காவின் வீட்டில் தேநீர் நீட்டியபோது, "இப்பதான்மா குடிச்சேன்" என்றார். பக்கத்து வீட்டில் அவள் நாத்தனார் நீட்டியபோதும் அதையே சொன்னார்.

மாணவி ஒருத்தி அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளோடு உட்கார்ந்தாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை குடம், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து கைகழுவுவது எப்போதுமா, சில சமயமா, அரிதாகவா. மோப்பக்கா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் சரிம்மா. ஏழாவது வீடு வரைக்கும் நாத்தம் இல்ல, எட்டுலேருந்து இருக்கு. கக்கூஸ் பக்கத்துல குழாய் எங்கயோ உடைஞ்சிருக்கு. அதை எழுதிக்கோ" என்றாள்.

மாணவி தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதை எழுத இடம் இல்லை. "நாற்றம்: ஆம்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டாள்.

மோப்பக்கா எழுந்துபோய்ப் பேராசிரியரிடமே சொன்னாள். அவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார். "அது உங்க அனுபவம்மா, ரொம்ப மதிப்பு உள்ளது. ஆனா நாங்க அறிவியல்பூர்வமா பார்க்கணும் இல்லையா?" என்றார்.

"பாருங்க சார். யார் வேணாம்னது?"

அவளுடைய துறுதுறுப்பைப் பார்த்து அவளையே "சமூக ஆய்வாளர்" ஆக்கினார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. தண்ணீர் வரும் நாளெல்லாம் அவள் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். எட்டு மணிக்கு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். "எந்த நேரம் வசதியோ அப்ப புடிங்க" என்றாள் மாணவி. மோப்பக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் பிடித்தாள். அவர்கள் கேட்காமலே இரண்டு பாட்டில் பிடித்தாள். ஒன்று ஏழாவது வீட்டில், ஒன்று தன் வீட்டில். ஒட்டுத் தாளில் நேரத்தையும் சேர்த்து "கக்கூஸுக்கு மேலே", "கக்கூஸுக்குக் கீழே" என்று தன் கோணல் எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

மூன்றாவது மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத பெண் குரல்.

"யாருங்க இது, ரெண்டு ரெண்டா பாட்டில் அனுப்புறது?"

"நான்தான். தப்புங்களா?"

"தப்பா? இந்த ஆய்வகத்துல எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். உருப்படியா வந்த சாம்பிள் இதுதான். மேலேன்னு எழுதினதுல கிருமி ஒண்ணும் வளரல. கீழேன்னு எழுதினதை வச்ச சோதனைத் தட்டு..." என்று இழுத்தாள். "சாப்பிட்டாச்சா நீங்க?"

"ஆச்சு, சொல்லுங்க. நான் பார்க்காத அசிங்கமா?"

"தட்டே தெரியலக்கா. மொத்தமும் மூடிக்கிச்சு. அவ்வளவும் மலக்கிருமி."

அவள் ஆய்வக உதவியாளர். பாட்டில்களைத் திறப்பவளும் சோதிப்பவளும் பதிவேட்டில் எழுதுபவளும் அவள்தான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை இருவரும் பேசிக்கொண்டார்கள். மேலே சுத்தம், கீழே நாசம். வாரா வாரம் அதே கதை.

"சார்கிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டாள் மோப்பக்கா.

"மாசா மாசம் எழுதிக் கொடுக்குறேன். வாங்கி மேசையில வைக்கிறார்."

எட்டு மாதம் ஓடியது. நூற்றேழு நாள், இருநூற்றுப் பதினான்கு பாட்டில். அதற்குள் மகளுக்கு இன்னொரு முறை வயிறு கெட்டு, ஒரு வாரம் பள்ளிக்கூடம் தவறிப்போனது. எட்டாவது வீட்டுக் கைக்குழந்தை மருத்துவமனையில் நான்கு நாள் இருந்து திரும்பியது. நிறைவு விழா என்று அழைப்பிதழ் வந்தது. விழா அன்று காலை மோப்பக்கா பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள். "இன்னிக்கு உடைச்சுச் சொல்லிடுவாங்க. நாளைக்கே தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க பாரு" என்று கணவனிடம் சொன்னாள். டயர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன், "உனக்கு மோப்பம் மட்டும்தான் பிடிக்கத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தெருவிலிருந்து பத்துப் பேரை வண்டியில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். குளிரூட்டிய மண்டபம். தரைவிரிப்பின் புழுக்க வாடைக்கு மேல் ஏதோ பூ வாசனையைப் பீய்ச்சியிருந்தார்கள். அந்தக் கலவையை மோப்பக்காவால் ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி. அதில் அவள் முகம். கையில் பாட்டிலோடு, எங்கோ பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் யாரோ எடுத்தது. அதன் கீழே மேற்கோள் குறிக்குள் இரண்டு வரி இருந்தது. நாத்தனார் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாமல் வாழ்ந்தோம். பல்கலைக்கழகம் வந்துதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது."

"நல்லா பேசியிருக்கியே அண்ணி" என்றாள் நாத்தனார்.

அந்த வரியை மோப்பக்கா சொன்னதே இல்லை. ஊரில் பாதிப் பேர் படுத்து எழும் விரிப்பை முகர்ந்து, இது சுத்தம், இது சுத்தமில்லை என்று தீர்ப்புச் சொல்லிப் பத்தொன்பது வருடம் வயிறு வளர்த்தவள் அவள். அவள் வாயில் யாரோ கையை விட்டு, அவர்களுக்கு வேண்டிய நாக்கை வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. துப்ப வேண்டும் போல வந்தது. துப்ப இடமில்லை. அவ்வளவு பளபளப்பான தரை.

உள்ளே பேச்சு தொடங்கியது. முன்வரிசையில் தண்ணீர் வாரியத்தின் பெரிய அதிகாரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். அத்தனைக்கும் சாரம் ஒன்றுதான். மக்கள் குடத்தைத் திறந்து வைக்கிறார்கள், அதனால் தண்ணீர் கெடுகிறது. எனவே வீட்டுக்கு ஒன்றாக, பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த நீல நிற பிளாஸ்டிக் மூடி வழங்கப்படும். கைதட்டல். அதிகாரி எழுந்து முதல் மூடியை நாத்தனாரிடம் கொடுத்தார். படம் எடுத்தார்கள்.

மோப்பக்கா கையை உயர்த்தினாள். யாரும் பார்க்கவில்லை. எழுந்தே நின்றாள்.

"சார், நான் குடுத்த இருநூத்திப் பதினாலு பாட்டில் என்னாச்சு?"

பேராசிரியரின் சிரிப்பு கொஞ்சமும் கலையவில்லை. "அருமையான கேள்வி. அந்தத் தரவு இன்னும் பகுப்பாய்வுல இருக்கும்மா."

"நான் குழாயிலேருந்து நேரா பாட்டில்ல புடிச்சேன் சார். நடுவுல குடமே இல்ல. குடமே இல்லாத தண்ணி எப்படி சார் கெட்டுச்சு? மூடிய எங்க போய் மாட்டுறது, குழாய் வாயிலயா?"

பின்வரிசையில் மாணவிகள் சிலர் சிரித்துவிட்டார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தேநீர் இடைவேளையில விரிவா பேசுவோம்" என்றார் பேராசிரியர். ஒலிபெருக்கியில் இசை வந்துவிட்டது. தேநீர் இடைவேளையில் அவர் அதிகாரியின் முதுகில் கைவைத்தபடி வேறு அறைக்குப் போய்விட்டார்.

மோப்பக்கா அந்த மண்டபத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாரையோ விசாரித்து, பின்கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த ஆய்வகத்துக்குப் போனாள். தடித்த கண்ணாடி போட்ட, குள்ளமான ஒரு பெண் தொட்டியில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு அவளை அழைக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது அன்றுதான்.

"மூடி குடுத்தாங்கம்மா, மூடி" என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் கொட்டினாள் மோப்பக்கா.

கண்ணாடிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். பக்கத்து அறையின் நகல் இயந்திரத்தில் ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, ஆய்வக முத்திரையைக் குத்தினாள்.

"உனக்கு ஒண்ணும் ஆயிடாதேம்மா?" என்றாள் மோப்பக்கா.

"யார் வீட்டுத் தண்ணிய சோதிச்சோமோ அவங்களுக்கு முடிவைக் குடுக்கணும்னு இந்தச் சுவர்லயே எழுதி மாட்டியிருக்கு, பாருங்க. குடுக்காதேன்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு எழுத்துல சொல்லல. வாயால சொன்னது என் காதுல விழல."

மூன்று நாள் கழித்து மோப்பக்காவும் எட்டாவது வீட்டுத் தாயும் தெருக்காரர்கள் இன்னும் சிலரும் தண்ணீர் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனார்கள். இளம் பொறியாளர் முதலில் "பல்கலைக்கழக அறிக்கைதான் வந்துடுச்சே, குடத்தை மூடி வைங்க" என்றார். மோப்பக்கா பையிலிருந்த நீல மூடியை எடுத்து அவர் மேசையில் வைத்தாள். "இது எங்க தெருவுல எந்தக் குடத்துக்கும் பொருந்தல. ஒண்ணு உள்ள விழுது, இல்ல மேல வழுக்குது. அதை விடுங்க. இதைப் படிங்க" என்று நகல்களை நீட்டினாள்.

அவர் அசிரத்தையாகத்தான் ஆரம்பித்தார். மூன்றாவது பக்கத்தில் முதுகு நிமிர்ந்தது. நூற்றேழு நாள், ஒருநாள் தவறாமல், மேலே பூஜ்யம், கீழே எண்ணி மாளாது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. சப்பைக்கட்டு கட்ட எங்கேயும் இடமில்லை. "இதோட நகல் வேற யார்கிட்ட இருக்கு?" என்றார்.

"இப்போதைக்கு எங்ககிட்ட மட்டும்தான்" என்றாள் மோப்பக்கா.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கழிப்பிடத்தின் பக்கத்தில் பள்ளம் தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் கறுப்பாக நீர் ஊறியது. கழிவுக் குழாய் கீறிப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவுக் குட்டைக்குள்தான் தண்ணீர்க் குழாய் முங்கிக் கிடந்தது. தண்ணீர் நிற்கும் நாளெல்லாம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தண்ணீர் வரும் நாளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அதன் இணைப்பு விட்டுப்போன இடத்தில் ஏதோ துணி சுற்றி, ரப்பரால் கட்டியிருந்தது. தொழிலாளி அதை அறுத்து மேலே வீசினான். மோப்பக்காவின் காலடியில் வந்து விழுந்தது. ஒரு சட்டையின் கை. பொத்தான்கூட அப்படியே இருந்தது.

வால்வுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அவசரத்துக்கு, தற்காலிகமா கட்டினது..."

"எப்ப அண்ணே?"

"ஒரு பதினோரு வருஷம் இருக்கும்."

மோப்பக்காவின் மகளுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. பால்புட்டி கழுவியது, சாதம் வடித்தது, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டது, எல்லாம் இந்தச் சட்டைக்கை வழியாக வந்த தண்ணீரில். எத்தனையோ மூட்டைகளைப் பிரித்தவள், பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். நாத்தனார்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் புதுக் குழாய் போட்டு மூடிவிட்டார்கள். ஒரே பகலில் முடிந்த வேலை. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மோப்பக்கா குழாயருகில் வெகுநேரம் நின்றாள். வெறும் தண்ணீரின் வாசனை மட்டும்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியர் மீண்டும் வந்தார், ஒரு படிவத்தோடு. பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலரில் "எங்கள் தலையீட்டால் சீரமைந்த குடிநீர்க் குழாய்" என்று நான்கு பக்கம் வரப்போகிறதாம். அட்டையில் அவள் படம். சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"தோண்டினது உங்களாலயா சார்?"

"நம்ம கூட்டு முயற்சிம்மா."

"அந்த ஆய்வகத்து அம்மா பேர் இருக்கா அதுல?"

"தொழில்நுட்பப் பணியாளர்களைத் தனியா குறிப்பிடுற வழக்கம் இல்ல."

"நான் பேசாத பேச்சை என் வாயில வச்சீங்களே, அதையாவது எடுத்துட்டீங்களா?"

"அது ஏற்கெனவே அச்சாயிடுச்சு. அம்மா, நல்லது நடந்துடுச்சு. யாரால நடந்தா என்ன?"

அந்தக் கேள்விதான் அவளை அதிகமாகக் குமட்ட வைத்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருந்தது. அவர்கள் கொடுத்த பாட்டிலும் பனிக்கட்டிப் பெட்டியும் அவர்கள் கட்டிடத்து முத்திரையும் இல்லாமல் அந்தப் பள்ளம் தோண்டப்பட்டிருக்காது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. அந்த உண்மையின் மேல் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் சகிக்க முடியவில்லை. படிவத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"போட மாட்டேன் சார். கிளம்புங்க."

அவர் வருத்தத்தோடு சிரித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மலர் வெளிவந்தபோது அட்டையில் நாத்தனார் இருந்தாள், நீல மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு. மோப்பக்கா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. "என்ன அண்ணி, என் மூஞ்சி ஒரு புஸ்தகத்துல வந்தா உங்களுக்குப் பொறுக்காதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நாத்தனார் கத்தினாள். வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்தவள் என்பதால்தான் மோப்பக்கா பதிலுக்குக் கத்தவில்லை.

கண்ணாடிக்காரியை யாரும் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆய்வகத்திலிருந்து தூக்கிக் கிடங்குக் கணக்குக்குப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்தே ஒருநாள் மதியம் கூப்பிட்டாள்.

"அக்கா, ஆய்வகத்துல என்கூட இருந்த பொண்ணு இப்பதான் சொல்லிட்டுப் போறா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவுல இதே திட்டம் ஆரம்பிச்சிருக்காங்களாம். அங்க ஒரு அம்மா பாட்டில் அனுப்புறாங்க. ஒத்தை ஒத்தையா வருதாம். நேரமும் எழுதுறதில்லையாம்."

சலவைக்கூடத்தில் மோப்பக்காவுக்கு முன்னால் பாதி பிரித்த மூட்டை கிடந்தது. "அந்த அம்மா நம்பர் இருக்கா?" என்றாள். விரிப்பின் ஓரத்தில் குறி போடும் பேனாவால் உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொண்டாள். மேற்பார்வையாளர் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்று எண்களை அழுத்தினாள்.

"அம்மா, வணக்கம்மா. உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. நீங்கதானே பல்கலைக்கழகத்துக்குத் தண்ணி புடிச்சுக் குடுக்குறது? ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. உங்க தெருவுல நாத்தம் வராத கடைசி வீடு எது?"